ஸ்கில் லேபில் அணிப் போட்டி நடத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் ஹவுஸ் சர்ஜன்களும் (டாக்டர் படிப்பின் கடைசியில் பயிற்சியில் இருப்பவர்கள்) நர்சிங் மாணவ மாணவிகளும் சேர்ந்து பயிற்சி எடுக்கும் ஒரு ஸ்கில் லேபில், அதாவது டம்மி எனும் மனித உருவப் பொம்மையை வைத்துச் சிகிச்சை பழகும் அறையில், நான் டியூட்டர். மதியம் 2 மணிக்குத் தொடங்கி 4.30-க்கு முடியும் அணிப் போட்டியைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். புதிதாக நடத்த வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குவதைப் பார்க்கிறேன். போட்டியை முதலில் யோசித்துவிட்டு, மதிப்பெண் தாளை முந்தைய நாள் ராத்திரி எழுதுகிறார்கள். எதற்குப் புள்ளி போடுகிறோமோ அதைத்தான் பிள்ளைகள் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. எந்த வேலையைக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு மதியத்துக்கு இரண்டு வேலை போதும். அவசரத்தில் செய்ய வேண்டியதாக, தனியாள் முடிக்க முடியாததாக, தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கட்டும். மார்பு அழுத்தம் (இதயம் நின்றவருக்குச் செய்வது), பாம்புக்கடி, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு மூன்றும் இதற்குப் பொருந்தும். எங்கள் பக்கம் மக்காச்சோளக் காட்டிலிருந்தும் மரவள்ளித் தோட்டத்திலிருந்தும் பாம்புக்கடி கேஸ் வரும் என்பதால் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பேன்.

அரிய நோயைக் கண்டுபிடிக்கும் புதிர்களைத் தவிர்த்துவிடுங்கள். நன்றாகப் படிக்கும் ஒருவர் பதில் சொல்லிவிடுவார், மற்ற நால்வரும் கைதட்டுவார்கள். அணியாக வேலை செய்ய அதில் ஒன்றும் இருக்காது.

2. மதிப்பெண் தாளை எழுதுங்கள்

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு வரியும் ‘செய்தார்’, ‘செய்யவில்லை’ என்று டிக் அடிக்கும்படி இருக்க வேண்டும். ‘நோயாளியை நன்றாகக் கவனித்தார்’ என்று எழுதினால் நடுவருக்கு நடுவர் மாறும். ‘முதல் இரண்டு நிமிடத்துக்குள் மூச்சையும் கண் இமையையும் பார்த்தார்’ என்று எழுதினால் யார் பார்த்தாலும் ஒன்றுதான்.

வேகத்துக்குத் தனியாகப் புள்ளி தராதீர்கள். நான் முதலில் நடத்திய போட்டியில் 200 மார்பு அழுத்தங்களை யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று வைத்தேன். ஒரு பையன் படபடவென்று முடித்துக் கைதட்டலும் வாங்கினான். அவன் கை டம்மியின் மார்பில் பாதி ஆழம்கூட இறங்கவில்லை, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு மேலே எழவும் இல்லை. அந்த அறையில் இருந்த 20 பேரும் அன்றைக்கு அதைச் சரி என்று கற்றுக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் எல்லாரையும் திரும்ப அழைத்துத் திருத்த வேண்டியிருந்தது.

பாதுகாப்புக்கு ஒரு தனி விதி வையுங்கள். நோயாளிக்குக் கேடு வரக்கூடிய மூன்று நான்கு தப்புகளைத் தாளின் மேலேயே எழுதி, அதில் ஒன்று நடந்தாலும் அந்த ஓட்டத்துக்கு (கதையை ஒருமுறை நடத்திப் பார்ப்பதற்கு) பாதிப் புள்ளிதான் என்று வையுங்கள். ஆனால் உதவி கேட்டால் புள்ளியைக் கூட்டுங்கள். ‘சீனியரைக் கூப்பிட்டார்’ என்பதற்கு என் தாளில் எப்போதும் இரண்டு புள்ளி உண்டு. அதைத் தோல்வியாக எண்ணிப் பழகிய ஹவுஸ் சர்ஜன், ராத்திரி டியூட்டியில் யாரையும் கூப்பிட மாட்டார்.

3. பொருள்களைச் சேகரியுங்கள்

நான்கு அணிக்கு நான்கு மேசை. ஒவ்வொன்றிலும் ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை), பி.பி. கருவி, ஆக்சிஜன் மாஸ்க், வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழாய்), சிரிஞ்ச், டிரிப் செட், கண்ணாடி டெஸ்ட் டியூப், பிளாஸ்டிக் டியூப், கேஸ் ஷீட். டியூப் இரண்டு வகையும் கட்டாயம் இருக்கட்டும். ஏன் என்று 8-ஆம் படியில் சொல்கிறேன்.

மருந்துக்கு ஃபார்மசியில் காலி வயல் (ஊசி மருந்துக் குப்பி) கேட்டு வாங்கி, தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று எழுதுங்கள். எத்தனை வயல் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி வயல் ஒன்று தவறிப்போய் வார்டு டிராலியில் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால், இந்த எண்ணிக்கைக்கு ஆகும் ஐந்து நிமிடம் பெரிதாகத் தெரியாது.

டம்மி இல்லையே என்று ஆள் மேல் மார்பு அழுத்தம் பழகவே கூடாது. கெட்டியான குஷனில் தாளம் பழகலாம். ஆழம் பழக டம்மிதான் வேண்டும்.

4. நடுவர்களைத் தயார் செய்யுங்கள்

மேசைக்கு ஒரு நடுவர். முந்தைய நாள் இரண்டு ஸ்டாஃப் நர்சுகளை வேண்டுமென்றே சில தப்புகளோடு நடிக்கச் சொல்லி, நான்கு நடுவர்களும் தனித்தனியாகப் புள்ளி போடட்டும். எந்த வரியில் வித்தியாசம் வருகிறதோ, குற்றம் அந்த வரியின் சொற்களில்தான். உட்கார்ந்து மாற்றி எழுதுங்கள். இந்த ஒத்திகையை விட்டவர்கள் மறுநாள் போட்டி நடுவில், ‘அந்த மேசைக்கு மட்டும் எப்படி மேடம்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகள் தோற்பதைப் பொறுத்துக்கொள்வார்கள். ஓரவஞ்சனையைப் பொறுக்க மாட்டார்கள்.

5. அணி பிரியுங்கள்

ஐந்து பேருக்கு ஓர் அணி. ஆறாவது ஆள் வந்தால் அவர் வேடிக்கை பார்ப்பார். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், ஆனால் ஒவ்வோர் அணியிலும் ஹவுஸ் சர்ஜன், நர்சிங் பிரிவினர், லேப் டெக்னீஷியன் மாணவர் எல்லாரும் வரும்படி தனித்தனிப் பெட்டியில் குலுக்குங்கள். அவர்களையே பிரித்துக்கொள்ளச் சொன்னால் ஹாஸ்டல் ஒரு பக்கம், ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு பக்கம் என்று போய்விடும். டாக்டர் அணி, நர்ஸ் அணி என்று மோதவிடவே வேண்டாம். கேஷுவாலிட்டியில் (அவசரப் பிரிவில்) அவர்கள் ஒரே அணியாக நிற்க வேண்டியவர்கள்.

அணிப் பெயரை நீங்களே வைத்துவிடுங்கள். நான் ஏற்காட்டு மலையில் விளைவதை வைக்கிறேன்: காபி, மிளகு, ஆரஞ்சு, பலா. நடிகர் பெயர், ஊர்ப் பெயர் வந்தால் லேபுக்கு வெளியே இருக்கும் சண்டை உள்ளே வந்துவிடும்.

ராத்திரி டியூட்டி முடித்தவர்களை அன்றைக்குக் கூப்பிடாதீர்கள். தூக்கம் கெட்டவரின் தப்பை எல்லார் முன்னும் காட்டுவது அநியாயம்.

6. தொடங்குமுன் நான்கு விஷயம் சொல்லுங்கள்

இந்தப் புள்ளி இன்டர்னல் மார்க்கில் சேராது. யாரும் வீடியோ எடுக்கக் கூடாது. இங்கே நடந்த தப்பு இந்த அறையைத் தாண்டாது. இந்தப் போட்டி லேபுக்குள் மட்டும்தான், வார்டில் நோயாளியை வைத்து யார் முதலில் ஊசி குத்துகிறார்கள் என்ற பந்தயம் ஒருநாளும் கிடையாது.

இவற்றை நோட்டீஸில் ஒட்டினால் போதாது, வாயால் சொல்லுங்கள். ஆரம்பத்தில் ஒருமுறை நான்கு அணிகளின் புள்ளியையும் வரிசைப்படி பலகையில் எழுதி வைத்தேன். கடைசியாக வந்த அணியில் இருந்த ஒரு மாணவி அதற்கப்புறம் இரண்டு வாரம் லேப் பக்கமே வரவில்லை. விசாரித்தபோது, ‘என்னாலதான் தோத்தோம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு மேடம்’ என்றாள். அவளுக்குத்தான் அந்தப் பயிற்சி மிகவும் தேவைப்பட்டது. அன்றோடு அந்தப் பலகையை எடுத்துவிட்டேன். இப்போது முதல் இடத்தை மட்டும் அறிவிக்கிறேன், மற்ற அணிகளுக்கு அவரவர் தாளை மடித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

7. கேள்விச் சுற்று: முதலில் தனியாக, பிறகு சேர்ந்து (25 நிமிடம்)

பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்க நான்கு விடை. முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக எழுதித் தாளைக் கொடுத்துவிட வேண்டும். அதே கேள்விகளை அடுத்து அணியாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு அணிகளும் ஒரே நேரத்தில் விடை அட்டையைத் தூக்கட்டும். ஓர் அணி முதலில் தூக்கினால் மற்றவை அதைப் பார்த்து மாற்றிக்கொள்ளும்.

தனியாக எழுதும் பகுதியை நேரமில்லை என்று வெட்டாதீர்கள். தானே ஒரு விடையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதற்காக வாதாட வாய் வரும். வெட்டினால் ஒருவர் சொல்வார், நால்வர் தலையாட்டுவார்கள்.

கேள்விகளைத் தமிழிலும் வாசியுங்கள். இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு விடை தெரியும். இங்கிலீஷ் கேள்வியைப் புரிந்துகொண்டு தலை நிமிர்வதற்குள் பக்கத்து மேசையில் அட்டை எழும்பிவிடும். அங்கே நாம் சோதிப்பது மருத்துவத்தையா, இங்கிலீஷையா?

8. பாம்புக்கடிச் சுற்று (10 நிமிடம்)

நான்கு மேசையிலும் ஒரே நேரத்தில் நடத்துங்கள். ஒவ்வொன்றாக நடத்தினால் கடைசி அணிக்கு எல்லா விடையும் தெரிந்துவிடும். ஒரு மாணவர் நோயாளியாகப் படுக்கட்டும், கையில் ஒரு தலையணையைக் கட்டி ஊசியெல்லாம் அதில்தான் என்று சொல்லிவிடுங்கள். நிலவரம் மாறும்போது நடுவர் ஒரு சீட்டை எடுத்து வைப்பார்: பி.பி., நாடி, ரத்தம் உறைந்ததா இல்லையா.

நான் அதிகம் பயன்படுத்தும் கதை இது. சாயங்காலம் காட்டில் சோளத்தட்டு அறுத்த பெண்ணுக்குக் காலில் கடி, கணுக்காலுக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், வீக்கம் இல்லை, பேச்சு தெளிவு.

அணி செய்ய வேண்டியது: மூச்சு, நாடி, இமை பார்த்தல், காலை அசையாமல் வைத்தல், வென்ஃப்ளான் போட்டு எல்லாம் தயாரான பிறகே கட்டைக் கவனமாக அவிழ்த்தல், 20 நிமிட உறைவுச் சோதனைக்கு (சில பாம்புகளின் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது, அதைக் கண்டுபிடிக்கும் சோதனை) ரத்தம் எடுத்தல். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதுக் கண்ணாடி டியூபில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். விளையாட்டில் 20 நிமிடத்தை ஒரு நிமிடமாகச் சுருக்கிக்கொள்கிறோம்.

இங்கேதான் இரண்டு வகை டியூபும் வேலை செய்யும். இந்தப் பெண்ணின் உடம்பில் விஷம் ஏறவில்லை. கண்ணாடி டியூபை எடுத்த அணிக்கு ‘உறைந்தது’ என்ற சீட்டு. பிளாஸ்டிக் எடுத்த அணிக்கு ‘உறையவில்லை’. கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டும், பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று ஏமாற்றும். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அப்படித்தான். ஏமாந்த அணி விஷமுறிவு மருந்து பத்து வயல் ஏற்றத் தொடங்கும். உடனே நடுவர் அடுத்த சீட்டை வைப்பார்: உடம்பெல்லாம் தடிப்பு, இளைப்பு, பி.பி. இறங்குகிறது. மருந்தை நிறுத்தி, தொடையில் தசைக்குள் அட்ரினலின் அரை மில்லிகிராம் போட வேண்டும். தேவைப்படாத மருந்தால் வந்த ஆபத்து என்று அவர்களுக்கே உறைக்கும்போது அந்த மேசையில் வரும் அமைதி, எந்த வகுப்பிலும் நான் பார்க்காதது.

இரண்டாவது கதையும் கைவசம் இருக்கட்டும். தரையில் பாய் போட்டுத் தூங்கியவருக்கு விடிகாலையில் வயிற்றுவலி, இமை சரிகிறது, கடித்த தடமே இல்லை. கட்டுவிரியன். அதன் விஷம் நரம்பைத் தாக்கும், ரத்தம் வழக்கம்போல உறையும். ரத்தம் உறைந்துவிட்டதே என்று அனுப்பிவிடுகிற அணியை இந்தக் கதை பிடித்துவிடும். குழந்தை என்று மாற்றினால், விஷமுறிவு மருந்தின் அளவைப் பெரியவர்களுக்குக் கொடுப்பதிலிருந்து குறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்பிக்கலாம்.

9. வேறு சுற்று வைக்க நினைத்தால்

மார்பு அழுத்தம்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழ வேண்டும், 30-க்கு 2 மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். ஆள் மாறும்போது எத்தனை நொடி வீணாகிறது என்பதையும் தாளில் சேருங்கள். அணியாகப் பழகியிருக்கிறார்களா என்பது அந்த நொடிகளில் தெரிந்துவிடும்.

மலையிலிருந்து போன்: எனக்கு மிகவும் பிடித்த சுற்று, செலவே இல்லை. ஏற்காட்டில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பதாக அணி நினைத்துக்கொள்ள வேண்டும். காபித் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரை 108-இல் ஏற்றிவிட்டார்கள், வண்டி 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் வந்தாக வேண்டும். அதற்குள் கேஷுவாலிட்டிக்குப் போனில் ஒன்றரை நிமிடத்தில் விவரம் சொல்ல வேண்டும். அடுத்த அறையில் ஒரு நடுவர் போனை எடுத்து, கேட்டதை மட்டும் எழுதுவார். புள்ளி, அணி பேசியதற்குக் கிடையாது, அந்தத் தாளில் எழுதப்பட்டதற்குத்தான். ‘சொன்னேனே சார்’ என்று பலர் வந்து நிற்பார்கள். தாளைக் காட்டினால் போதும்.

10. பேசுங்கள் (20 நிமிடம்)

ஓட்டம் பத்து நிமிடம் என்றால் பேச்சு இருபது. நேரம் இழுத்துவிட்டால் ஒரு சுற்றை விடுங்கள், பேச்சை விடாதீர்கள். போட்டி அவர்களை மேசைக்கு இழுத்து வரும், அவ்வளவுதான். கற்பது இங்கேதான் நடக்கிறது.

முதலில் அணி பேசட்டும், பிறகு நோயாளியாகப் படுத்தவர், கடைசியில் நடுவர். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்டால் சாக்குத்தான் வரும். ‘அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது?’ என்று கேளுங்கள்.

ஒருமுறை மிளகு அணியில் ஹவுஸ் சர்ஜன் பிளாஸ்டிக் டியூபை எடுத்துவிட்டார். பத்து வயல் ஏற்றித் தடிப்பும் வந்துவிட்டது. பேச்சில் எல்லாரும் டியூபைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மேசை ஓரத்தில் நின்ற இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவியிடம், ‘நீ என்னம்மா நினைச்சே?’ என்று கேட்டேன். ‘“சார், அது பிளாஸ்டிக்”னு அவர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன் மேடம். அவருக்குக் கேக்கலை. மூணாவது தடவை சொல்லப் பயமா இருந்துச்சு’ என்றாள். அந்த ஹவுஸ் சர்ஜன் அவளைத் திரும்பிப் பார்த்து, ‘நிஜமாவே காதுல விழலை சிஸ்டர். சாரி’ என்றார். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை.

அன்றைக்கே தாளில் ஒரு வரி சேர்த்தேன்: ‘அணியில் ஒருவர் எச்சரித்ததைத் தலைவர் வாயால் திருப்பிச் சொன்னார்.’ மூன்று புள்ளி, தாளிலேயே அதிகமான புள்ளி. அடுத்த போட்டியில் முதல் நிமிடத்திலேயே, ‘பிளாஸ்டிக்னு சொல்றீங்க, சரி, கண்ணாடி எடுங்க’ என்று குரல் கேட்கத் தொடங்கிவிட்டது. புள்ளிக்காகச் சொல்கிறார்களே என்று ஒரு நடுவர் குறைப்பட்டுக்கொண்டார். சொல்லட்டும். பத்து முறை புள்ளிக்காகச் சொன்ன வாய், பதினோராவது முறை தானாகச் சொல்லும் என்று நான் நம்புகிறேன்.

11. மறுபடி ஓடவிடுங்கள்

பேச்சு முடிந்ததும் அதே கதையை, சின்ன மாற்றத்தோடு, தலைவரை மாற்றி, மீண்டும் பத்து நிமிடம் நடத்துங்கள். வெற்றியைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது ஓட்டத்தின் புள்ளி. முதல் ஓட்டத்தின் புள்ளி அணிக்கு மட்டும் தெரியும்.

இதில் இரண்டு லாபம். முதல் ஓட்டத்தில் பயமில்லாமல் தப்புச் செய்யலாம். அப்புறம், பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட அணிதான் ஜெயிக்கும். நாம் பரிசு கொடுக்க விரும்புவதும் அதற்குத்தானே. முதல் ஓட்டத்தில் கடைசியாக வந்த அணி இரண்டாவதில் முதலாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாற்றம் என்றால் ஆள், நேரம், கடித்த இடம் மாறட்டும். சில சமயம் விஷம் ஏறிய கேஸாகவும் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘மருந்து கொடுக்கக் கூடாது’ என்று மனப்பாடமாகிவிடும்.

12. பரிசு

பணம் வேண்டாம், கோப்பை வேண்டாம். கோப்பைக்கு ஆசைப்பட்டால் அடுத்த அணிக்குத் தெரிந்ததைச் சொல்லித்தர மனம் வராது. நாங்கள் எல்லாருக்கும் தட்டுவடை செட் வரவழைப்போம். ஜெயித்த அணி மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும் என்பது விதி. பீட்ரூட்டும் வெங்காயமும் சட்னியும் கையில் வழிய, ‘நீங்க அட்ரினலின் எப்ப எடுத்தீங்க?’ என்று மேசைக்கு மேசை பேச்சு போகும். அந்தப் பத்து நிமிடத்தில் நடுவர்கள் குறுக்கே போகாமல் இருப்பது நல்லது.

13. கிளம்புமுன்

சிவப்பு மை வயல்களை எண்ணுங்கள். காலையில் குறித்த எண்ணிக்கை வராவிட்டால் யாரும் வெளியே போகக் கூடாது. ஊசிகள் ஊசிப் பெட்டிக்குள் போய்விட்டனவா என்று பாருங்கள். நடுவர்கள் தாளில் தகராறு வந்த வரிகளை அப்போதே வட்டமிடட்டும், மறுநாள் மறந்துவிடும்.

14. ஆறு வாரம் கழித்து

தேதி சொல்லாமல் அதே அணியைப் பத்து நிமிடம் மட்டும் கூப்பிடுங்கள். அதே தாள், அதே நடுவர், பரிசு கிடையாது. பழக்கம் விட்டால் கை மறந்துவிடும், மார்பு அழுத்தத்தில் அது சில மாதங்களிலேயே தெரியும். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அணியிடமே கொடுத்துவிடுங்கள். எந்த வரி நான்கு அணிகளிலும் விழுந்திருக்கிறதோ, அதை அடுத்த போட்டியின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.